பெட்டிக்கு நேர் மேலே

ஜனவரி 6

டிசம்பர் 28, காலை பத்தேகால் மணி, நம் வீட்டுச் சமையலறை. இருந்தவர்கள்: நான், நீ, உன் அப்பா, திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்த மாடி வீட்டுத் தையற்காரம்மா. ஆக நான்கு பேர்.

குருவிக்கு அம்மா எழுதுவது. இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. ஊரே பார்க்க நான் உன்னை அவமானப்படுத்தினேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாம். ஊர் எங்கே வந்தது? ஒருத்திதான். அவளும் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

மாத்திரை டப்பாவில் இருபத்தாறு இருக்க வேண்டும், முப்பத்தொன்று இருந்தது. மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் கேட்டேன். "இந்த அஞ்சையும் எப்போ முழுங்கறதா உத்தேசம்?" என்ற அந்த ஒரு வாக்கியம் கொஞ்சம் கூடுதல்தான். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நீ டப்பாவைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாய். "நான் உன் பொண்ணா, இல்ல உன் நோட்டா?" என்றாய். நாலு மணிக்கு வீட்டில் உன் செருப்பு இல்லை.

நோட்டை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியாததா? பதினைந்து வயதில் உனக்கு முதல் வலிப்பு வந்தபோது டாக்டர், "எப்போ, எவ்வளவு நேரம், யார் பார்த்தாங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகாதவளுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து எழுதுகிறேன். மாத்திரை அட்டையைப் பார்த்துத்தானே நான் எழுத்தே கற்றுக்கொண்டேன்? பதினோரு வருஷம், ஆறு வகை மாத்திரை, எதற்கும் அடங்கவில்லை. போன ஜனவரியில் உன் இடது தோள் எலும்புக்குக் கீழே அந்தப் பெட்டியை வைத்து, கழுத்து நரம்பில் கம்பியைச் சுற்றிவிட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முப்பது விநாடி நரம்புக்கு மின்சாரம். உடனே நிற்காது, மாதக்கணக்கில் மெதுவாகத்தான் குறையும் என்றார் டாக்டர். குறைந்தது. மார்ச்சில் பத்து, ஏப்ரலில் ஒன்பது, மேயில் ஏழு, ஜூனில் ஆறு. பிறகு ஏறியது. ஜூலையில் எட்டு, ஆகஸ்டில் பத்து, அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. டாக்டர் இரண்டு முறை மின்சாரத்தைக் கூட்டியும் இறங்கவில்லை. பெட்டி சரியாக ஓடுகிறது என்றால் மாத்திரையைச் சந்தேகப்படாமல் வேறு எதைச் சந்தேகப்படுவேன்?

ஒன்று மட்டும் சொல். பை போட்டிருக்கிறாயா? குளிக்கிற நேரம் தவிர எப்போதும் இருக்கட்டும். ஜூன் கடைசியில் மாடிப்படியில் விழுந்தாயே, அன்று காந்தம் உன் கைப்பையில் அடியில் கிடந்தது. வலிப்பு வரும் அறிகுறி தெரிந்ததும் காந்தத்தைப் பெட்டி மேல் ஒருமுறை தேய்த்தால் உடனே கூடுதலாக ஒருமுறை ஓடும் என்று கொடுத்ததை, தேடி எடுப்பதற்குள் நீ விழுந்துவிட்டாய். அதனால்தான் ஜூலை 2-ஆம் தேதி அந்தத் துணிப்பையைத் தைத்தேன். கயிறு கழுத்தில், பை சட்டைக்கு உள்ளே, பெட்டிக்கு நேர் மேலே, நகராமல் ஊக்கு. கை தேடவே வேண்டாம். உள்ளே காந்தத்தோடு ஒரு வேண்டுதல் சீட்டும் வைத்தேன். அந்த வாரமே உன் குரல் திரும்பி வந்ததே, மறந்துவிட்டாயா? ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கம்மிக் கரகரத்த குரல் பழையபடி மணி மாதிரி ஆனது. அது யார் செயல் என்று நீயே யோசி.

எண்ணெய் காய்கிறது, எழுந்து போகிறேன். பதில் போடு.

அம்மா


ஜனவரி 15

கணக்குப்பிள்ளை அம்மாவுக்கு,

நீ எழுதிய நான்கு பேரில் ஒருத்தி வாயில் குண்டூசி இருந்தது என்றுகூட எழுதியிருக்கிறாய். அந்த ஐந்து மாத்திரையை நான் விழுங்காமல் விடவில்லை என்று சொன்னேனே, அது மட்டும் உன் காதில் விழவில்லை. மறுபடியும் எழுதுகிறேன். ஒன்றுகூடத் தவறவில்லை. எப்படி ஐந்து மிஞ்சியது என்று எனக்குத் தெரியாது. எண்ணுவது நீ, முழுங்குவது மட்டும்தான் நான்.

போன் எடுக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. போனில் நான் ஹலோ சொல்வதற்குள், "வந்துச்சா? எத்தனை நிமிஷம்? யார் இருந்தாங்க?" என்கிறாய். சாப்பிட்டாயா என்பதுகூட நாலாவதாகத்தான் வருகிறது. மணி அடித்தாலே எனக்கு அடுத்தது வரப்போகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதனால் உன் எண்ணையும் அப்பா எண்ணையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். கடிதம் என்றால் பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிட்டு ஜன்னல் வரை போய் வரலாம். இதையே மூன்று தடவை மடித்தேன்.

இந்த ஊருக்கு வந்த வாரமே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நூலகம். கார் நிறுத்தும் தளத்துக்குக் கீழே ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அக்கா. காதில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பதால், பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். என் குரலைக் கேட்டதும், "எங்கம்மா இருந்த இவ்வளவு நாளா?" என்று கத்தினார். வலிப்பு இருப்பதைச் சொல்லித்தான் சேர்ந்தேன். "தரையில கம்பளம் இருக்கு, மூலையெல்லாம் பஞ்சு. விழறதுக்கு இதைவிட நல்ல ஆபீஸ் கிடைக்காது" என்றார். முதல் தடவையாக யாரோ அதைப் பற்றிச் சொல்லி நான் சிரித்தேன்.

அறைத்தோழி ரொட்டிக் கடையில் வேலை செய்பவள். பயப்பட மாட்டாள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

இப்போது நீ உட்கார்ந்துகொள். இங்குள்ள நரம்பு டாக்டரைப் பார்த்தேன். பழைய தாள்களை எல்லாம் புரட்டினார். ஒரு வருஷம் ஓடியும் பலன் இல்லை, அளவைக் கூட்டியும் பலன் இல்லை. சிலருக்கு இது ஒத்துவராது என்றார். நான் எடுத்துவிடச் சொன்னேன். பெட்டியை மட்டும் எடுப்பார்கள். நரம்பில் சுற்றிய கம்பியைத் தொட மாட்டார்கள். மார்ச் 4 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். குப்புறப் படுக்க முடியாமல், பஸ்ஸில் யாராவது இடித்தால் உயிர் போய், கண்ணாடியில் அந்த மேட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வலிப்பு எப்படியும் வரத்தான் போகிறது என்றால், பெட்டி இல்லாமலே வரட்டும்.

பை கழுத்தில்தான் இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பைமேல் இல்லை.

குருவி


ஜனவரி 22

குருவிக்கு,

உன் கடிதம் வந்தபோது இருந்தவர்கள்: நான், உன் அப்பா. அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நான் ஒருமுறைதான் படித்தேன். படித்ததும் வீட்டைக் கூட்டினேன். கூட்டி முடித்து மறுபடியும் கூட்டினேன். "தரை தேஞ்சுடும், உக்காரு" என்றார்.

எடுக்காதே. அவ்வளவுதான் சொல்ல வந்தது. மீதியெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

ஜூன் வரை இறங்கியதே. பத்து ஆறாக இறங்கியது என் கற்பனையா? நோட்டில் இருக்கிறது. ஒத்துவராத பெட்டி ஐந்து மாதம் மட்டும் எப்படி ஒத்துவந்தது? அந்த டாக்டரிடம் இதைக் கேட்டாயா? நீ கேட்டிருக்க மாட்டாய். தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எனக்குத் தெரியாதா?

மேடு தெரிகிறது என்கிறாய். கழுத்து உயர்த்தின சட்டை தைக்கச் சொல்கிறேன். குப்புறப் படுக்க முடியவில்லை என்கிறாய். உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது நானும்தான் குப்புறப் படுக்கவில்லை. இப்படி எழுதக்கூடாது, தெரிகிறது. ஆனால் கை எழுதிவிட்டது. நான் எதையும் அடிப்பதில்லை, உனக்குத் தெரியும்.

மாத்திரை விஷயத்தில் நீ சொல்வதை நம்புகிறேன். ஆனால் முப்பத்தொன்றும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தூக்கமில்லை.

இரண்டே உதவி கேட்கிறேன். தேதியைத் தள்ளிப் போடு என்று கேட்கவில்லை, நீ கேட்க மாட்டாய். உனக்கு வந்த நாட்களை மட்டும் எழுதி அனுப்பு. நோட்டில் ஜனவரி காலியாக இருக்கிறது. பதினோரு வருஷத்தில் ஒரு பக்கம்கூடக் காலியாக இருந்ததில்லை. அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் உனக்கு ஒன்றுமே வராத மாதிரியும் தெரிகிறது, நீயே இல்லாத மாதிரியும் தெரிகிறது. இரண்டாவது உதவி, பையைக் கழற்றாதே.

தினமும் விளக்கு வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா


பிப்ரவரி 5

அம்மாவுக்கு,

வெள்ளைப் பக்கத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. எழுதிக்கொள்.

ஜனவரி 3, 7, 8, 13, 17, 20, 23. எல்லாம் ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிஷம். 8-ஆம் தேதி பஸ் நிறுத்தத்தில். இருந்தவர்கள்: எனக்கு எப்படித் தெரியும்? கண் விழித்தபோது நிறைய செருப்புகள் தெரிந்தன. அப்புறம் பிப்ரவரி 3, 4. திருப்தியா?

நடுவில் ஒரு கூத்து. 24-ஆம் தேதி காலையில் பையின் கயிறு அறுந்துவிட்டது. கைப்பையில் போட்டேன், அதோடு மறந்துவிட்டேன். அன்றே குரல் போய்விட்டது. வாசித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்கிப் பிடிப்பது போல. அரை நிமிஷம் கரகர. அப்புறம் சரியாகும். பிறகு திரும்பவும் வரும். போன வருஷம் மே மாதம் இருந்ததைவிட மோசம், இருமல் வேறு. அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாரோ ரேடியோவைத் திருகற மாதிரி இருக்கே! தொண்டைக்கு என்னாச்சு?" என்று கேட்டார். மூன்று அத்தியாயத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒன்பது நாள் அப்படியே போனது. வேலையே போய்விடும் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் கழித்து ஒரு வேலை, அதுவும் குரலை நம்பி.

அப்புறம் 2-ஆம் தேதி புதுக் கயிறும் ஊக்கும் வாங்கி, நீ வைத்த இடத்திலேயே பையை மாட்டினேன். குரல் வந்துவிட்டது, அம்மா. அதே நாளில். உன் சாமி என்னையும் மயக்கிவிட்டார். நம்பிக்கை இல்லாதவளுக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

மார்ச் 4 நிச்சயம். தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. உன் கையெழுத்து தேவையில்லை என்றார்கள். அதைக் கேட்டதும் சந்தோஷப்பட வேண்டியவள் நான்தானே? பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி போனபிறகும் பையை வைத்துக்கொள்வேன். காந்தத்துக்கு வேலை இருக்காது, சீட்டு இருக்கட்டும். அப்பாவை வரச் சொல்லு. நீ வருவதானால் நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வா.

குருவி


பிப்ரவரி 11

போன வருஷம் பிப்ரவரி 3, பெட்டியை முதன்முதலாக ஓடவிட்ட நாள். டாக்டர் அறை. இருந்தவர்கள்: டாக்டர், நர்ஸ், உன் அப்பா, நீ. நான் இல்லை.

குருவி, முதலில் பையைக் கழற்று. கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மேலே படி. அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பார். கழற்றும்வரை அடுத்த தாளைத் தர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கழற்றிவிட்டாயா?

அந்தப் பை பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறது. காந்தத்தைப் பெட்டி மேல் தேய்த்து எடுத்தால் கூடுதலாக ஒருமுறை ஓடும். எடுக்காமல் அதன் மேலேயே வைத்திருந்தால், வைத்திருக்கும் வரை பெட்டி ஓடாது. ஜூலை 2-ஆம் தேதி முதல் அது ஓடவில்லை. நான் தைத்தேன். நான் ஊக்கு குத்தினேன். நகரக்கூடாது என்று இரட்டைத் தையல் போட்டேன்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். உன் கடிதத்தில் இருந்த நாட்களை நோட்டில் ஏற்றினேன். ஒன்பது நாள் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில், இதற்கு முன் இப்படி எப்போது இருந்தது என்று பின்பக்கமாகப் புரட்டினேன். டிசம்பர் 11 மதியம் முதல் 13 இரவு வரை ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்களே, அந்த நாட்கள். என் கையெழுத்திலேயே இருந்தது: "பையைக் கழற்றி அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். குரல் கட்டிவிட்டது. ஏசி காற்று." அதற்குக் கீழே: "மாத்திரை அவர்களே கொடுத்தார்கள், ஐந்து வேளை."

ஐந்து வேளை. ஐந்து மாத்திரை. என் நோட்டிலேயே இருந்ததைப் பார்க்காமல் உன்னைக் கேட்டேன், தையற்காரம்மா முன்னால். அவளிடம் மாடி ஏறிப்போய்ச் சொல்லிவிட்டேன். "எனக்கு எதுக்குங்க சொல்றீங்க?" என்றாள். "அன்னிக்கு நீங்க இருந்தீங்களே, அதான்" என்றேன்.

பை இல்லாத நேரம் இரண்டு. இரண்டிலும் குரல் கம்மியது, இரண்டிலும் வலிப்பு வரவில்லை. ஒருமுறை என்றால் விட்டிருப்பேன். அப்போதுதான் பெட்டியோடு கொடுத்த புத்தகம் ஞாபகம் வந்தது. அது எங்கே இருந்தது தெரியுமா? சாமி படத்துக்கு முன்னால், பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். தினமும் அதற்கு விளக்கு. ஒரு நாளும் பிரிக்கவில்லை. ஆங்கிலம், பொடி எழுத்து, நமக்கு எங்கே புரியும் என்று. படிக்க வேண்டியதை ஒரு வருஷமாகக் கும்பிட்டிருக்கிறேன். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மதியம் உட்கார்ந்தேன். பதினேழாம் பக்கத்தில் படம் போட்டிருக்கிறது. நெஞ்சு, அதன்மேல் காந்தம், பக்கத்தில் பெருக்கல் குறி. படத்துக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

உன் அப்பாவைக் கேட்டேன். "ஆமா, மேலயே வெச்சா நின்னுடும்னு நர்ஸ் சொன்னாங்க. அதை யார் மேலயே வெச்சிருக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்" என்றார். "பையில என்ன இருக்குன்னு நெனச்சீங்க?" என்றேன். "சாமி சீட்டு" என்றார். நீ அந்த அறைக்குள் போகுமுன் தாழ்வாரத்தில் வலிப்பு வந்து, அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு நினைவிருக்காது. நான் வெளியே பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் கழுத்தில் உள்ளதையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் உன்னை உள்ளே விட்டார்கள். பெட்டி சரியாக ஓடியது. வெளியே வந்ததும் நானே பையை மாட்டிவிட்டேன்.

நர்ஸுக்குப் போன் செய்தேன். "எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். "ஏழு மாசம்" என்றேன். மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு சொன்னாள்: பெட்டியை இப்போது எடுக்க வேண்டாம், முதலில் ஓட விடுங்கள். ஓடாத நாட்களில் அளவை இரண்டு முறை கூட்டியிருப்பதால் தொண்டை பலமாக இழுக்கும், இருமல் வரும். தாங்க முடியாவிட்டால் அங்குள்ள டாக்டரிடம் சொல்லி அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். காந்தம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், உடம்பில் வேண்டாம்.

நீ போனும் எடுப்பதில்லை, தபாலையும் நம்ப முடியவில்லை. அதனால் காலைப் பஸ்ஸில் அப்பா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். புத்தகமும் இருக்கிறது, பதினேழாம் பக்கத்தில் நூல் வைத்திருக்கிறேன். நானும் வரலாம் என்று செருப்பைப் போட்டேன். வாசல் வரை வந்தேன். என் முகத்தைப் பார்த்தால் நீ எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். இந்த நேரத்தில் அது உன் வேலை இல்லை.

உன் குரல் திரும்பி வந்தபோது சாமிக்கு நன்றி சொன்னேன். பெட்டி நின்றதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன், குருவி. இப்போது உன் வேலைக்கு அந்தக் குரல் வேண்டும். கழற்றினால் குரல் போகும், கழற்றாவிட்டால் வலிப்பு வரும். இதில் என்ன செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எடுக்காதே என்று மறுபடியும் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அம்மா


பிப்ரவரி 28

அம்மாவுக்கு,

பதினேழு நாள் எழுதவில்லை. அப்பா வந்து போனதைச் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தப் பையைச் சுவரில் எறிந்தேன். காந்தம் சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டது. வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

எனக்கும் கணக்கு வரும். ஜூலை முதல் நவம்பர் வரை ஐம்பத்திரண்டு. ஏறாமல் ஜூன் மாதிரியே இருந்திருந்தால் மாதம் ஆறு வீதம் முப்பது. மீதி இருபத்திரண்டு. அதை யார் பேரில் எழுதுவாய்? அக்டோபரில் முன்பல் உடைந்ததே, அது முப்பதில் ஒன்றா, இருபத்திரண்டில் ஒன்றா? ஒரு வாரம் இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு நடந்தேன். அறைத்தோழி, "நீ நடக்கற நடைக்கு இந்நேரம் உங்க ஊருக்கே போயிருக்கலாம்" என்றாள்.

எட்டாம் நாள் பையைப் பிரித்தேன். ஊக்கைக் கழற்றி, உன் இரட்டைத் தையலைப் பிளேடால் அறுத்து, சீட்டைப் படித்தேன். நீ மறந்திருப்பாய், திரும்ப எழுதுகிறேன். "ஜூன் வரை ஆறு. இனியும் குறைத்துக் கொடு. குறைக்க முடியாவிட்டால் மீதியை எனக்கு மாற்றிக் கொடு." கீழே தேதியும் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். சாமிக்கே மனு எழுதியிருக்கிறாயே, அம்மா. சிரித்தேன், அப்புறம் சிரிக்கவில்லை.

அதனால் நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆனது. எனக்குத் தெரியும். முழுதாகத் தெரியாது. ஆகஸ்டிலேயே கவனித்தேன். ஊக்கு நழுவிப் பை விலகினால் தொண்டையில் அந்தப் பிடி வரும். அழுத்தி வைத்தால் போய்விடும். இந்த வேலைக்குக் குரல் தேர்வு வைத்தபோது உள்ளே போகுமுன் பையைச் சரியாக இழுத்து வைத்துக்கொண்டேன். கயிறு அறுந்தபோது எல்லாம் பையால்தான் என்று நம்ப மனமில்லாமல் ஒன்பது நாள் தள்ளினேன், அதை உனக்கு எழுதும்போதுகூட மறந்துவிட்டேன், சாமி மயக்கிவிட்டார் என்று வேடிக்கையாக எழுதினேன். ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கழற்று என்பார்கள். பதினைந்து வயதிலிருந்து என்னிடம் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள், சைக்கிள், நீச்சல், தனியாக மாடி ஏறுவது. குரல் ஒன்று திரும்பி வந்தது. அதை யாரும் எடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த இருபத்திரண்டை நீ ஒருத்தியே எடுத்துக்கொள்ளாதே.

இப்போது கணக்கு. பிப்ரவரி 12 முதல் இன்று வரை ஒன்று. 19-ஆம் தேதி, நாற்பது விநாடி, ஒலிப்பதிவு அறையில், கம்பளத்தின் மேல். இருந்தவர்: அக்கா. அறிகுறி தெரிந்ததும் காந்தத்தை நானே தேய்த்தேன். பாதியில் நின்றுவிட்டது போல இருந்தது என்றார் அக்கா.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று கைப்பையில் சாமானைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவர் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். "நாலரை நிமிஷம் வாசி. அரை நிமிஷம் தண்ணி குடி. எல்லாருக்கும் மூச்சு வாங்க இடம் வேணும், உனக்கு மணி அடிச்சு வருது, அவ்வளவுதான்" என்று கத்தினார். வேகம் குறைந்துவிட்டது. இருமல் வந்தால் அந்த நாள் வீண். டாக்டர் அளவை ஒரு படி குறைத்திருக்கிறார், அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது. நிர்வாகத்துக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார்களோ.

மார்ச் 4-ஐத் தள்ளிவிட்டேன். ஜூன் வரை பார்க்கலாம் என்றார் டாக்டர். எடுக்க மாட்டேன் என்று எழுதவில்லை, ஜூன் வரை என்றுதான் எழுதுகிறேன். ஒரு நாள் குரல் வேண்டும் என்று தோன்றுகிறது, ஒரு நாள் பல் வேண்டும் என்று தோன்றுகிறது. இதை உன்னால் தாங்க முடியுமா?

குருவி


மார்ச் 6

உன் கடிதம் வந்தது, பகல் பன்னிரண்டு மணி. இருந்தவர்கள்: நான் மட்டும்.

குருவி, படித்துவிட்டு வீட்டைக் கூட்டவில்லை. உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

அந்த இருபத்திரண்டை ஏற்கெனவே என் பேரில் எழுதிவிட்டேன். நீ வேண்டாம் என்றாலும் நான் எதையும் அடிப்பதில்லை. ஆனால் பக்கத்தில் நீ சொன்னதையும் எழுதினேன்: "அவளும் தெரிந்து வாய் திறக்கவில்லை, குரலுக்காக." எழுதிப் பார்த்தபோது கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் உனக்கு வந்ததை எல்லாம் எழுதினேன், உன்னிடமிருந்து போனதை ஒரு வரிகூட எழுதவில்லை. சைக்கிள் எந்த மாதம் போனது என்று நோட்டில் தேடினேன். இல்லை.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். பாதி வெள்ளையாக இருக்கிறது. எழுதுவதும் விடுவதும் இனி உன் இஷ்டம். நோட்டு இல்லாமல் என் கை என்ன செய்யும் என்று தெரியவில்லை. காலையில் இரண்டு முறை அலமாரியைத் திறந்துவிட்டேன்.

சாமியிடமும் சொல்லிவிட்டேன், தவறான விஷயத்துக்கு நன்றி சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள் என்று. சீட்டை நீயே வைத்துக்கொள். அதில் எழுதிய கடைசி வரி இப்போதும் அப்படியேதான்.

ஜூனில் நீ என்ன முடிவு எடுத்தாலும் எடு. தாங்குவேனா என்று கேட்டாய். தெரியாது. ஆனால் எடுக்காதே என்று எழுத மாட்டேன்.

எனக்கு ஒன்று வேண்டும். ஜூலைக்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் பெட்டி நின்ற குரல். ஓடுகிற குரலைக் கேட்க வேண்டும். போனில் மூன்று கேள்வியும் கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிப்பேன். நடுவில் உன் குரல் கம்மினால் என்னடி ஆச்சு என்று பதற மாட்டேன், கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன். நீ தண்ணீர் குடி. அந்த அரை நிமிஷம் நானும் இந்தப் பக்கம் பேசாமல் இருக்கிறேன். பிறகு நீ விட்ட இடத்திலிருந்து சொல்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போன் செய்யலாம் என்று சீக்கிரம் எழுது.

அம்மா